ஆக்டிவேஷன் சர்வர் நின்றுபோனால் நிரந்தர உரிமம் எதற்கு?

ஜனவரி 7: வாசகர் ஒருவரின் கேள்வி

பெட்டி இருக்கிறது, சிடி இருக்கிறது, உறையில் ஒட்டிய சீரியல் எண் இருக்கிறது, ரசீதுகூட இருக்கிறது. பழைய கணினியின் மதர்போர்டு போய்விட்டதால் வேறொரு கணினியில் அதே வரைபட மென்பொருளை நிறுவினேன். சீரியல் எண்ணை ஏற்றுக்கொண்டது. நிறுவனத்தின் சர்வரிடம் அனுமதி வாங்கும் ஆக்டிவேஷன் கட்டம் வந்ததும் நின்றுவிட்டது. விற்ற நிறுவனத்துக்கு எழுதியதற்கு, "தாங்கள் குறிப்பிடும் பதிப்புக்கான ஆதரவு முடிவடைந்துவிட்டது, சந்தா முறைக்கு மாறிக்கொள்ளலாம்" என்று பதில் வந்தது. நிரந்தர உரிமம் என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். என் வரைபடங்கள் எல்லாம் அதன் கோப்பு வடிவத்தில்தான் இருக்கின்றன. இது மோசடி இல்லையா?

ஜனவரி 7, இரவு

மோசடியா என்பதைப் பிறகு பேசலாம். பழைய கணினியின் ஹார்ட் டிஸ்கை என்ன செய்தீர்கள்? அழித்துவிடாதீர்கள், வேறு எதற்கும் எடுத்துப் பயன்படுத்தாதீர்கள். போனது மதர்போர்டு மட்டும்தான் என்றால் பாதிக்கு மேல் உங்கள் கையில்தான் இருக்கிறது.

இன்னொன்று. ஆதரவு முடிவது வேறு, ஆக்டிவேஷன் முடிவது வேறு. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிந்தது. ஆனால் அதற்குப் பிறகும் எக்ஸ்பியைப் புதிதாக நிறுவி ஆக்டிவேட் செய்யலாம் என்று மைக்ரோசாஃப்ட் அப்போதே சொல்லியிருந்தது. வாடிக்கையாளர் சேவையில் இருப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியாது, தெரிந்தாலும் அதற்கான தயார் பதில் அவரிடம் இருக்காது. திரும்ப எழுதுங்கள். பழுது பார்க்கச் சொல்லவில்லை, புதுப்பிப்பும் வேண்டாம், ஆக்டிவேஷன் சர்வர் இயங்குகிறதா இல்லையா, இல்லையென்றால் இணையம் இல்லாமல் ஆக்டிவேட் செய்ய என்ன வழி என்று மட்டும் கேளுங்கள். "சந்தாவுக்கு மாறுங்கள்" என்பது அந்தக் கேள்விக்குப் பதிலே அல்ல.

ஜனவரி 8

திரையில் என்ன செய்தி வருகிறது என்று கேட்டிருந்தேன். "சர்வரைத் தொடர்புகொள்ள இயலவில்லை, உங்கள் இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்" என்று வருகிறதாம். எனக்கு எரிச்சல் மூட்டும் வாசகங்களில் இது முதல் வரிசையில் இருக்கிறது. அவர்கள் கடையைச் சாத்திவிட்டுப் போயிருப்பார்கள், நாம் ரூட்டரை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருப்போம். மென்பொருளை எழுதியவர்களுக்குத் தங்கள் சர்வர் ஒருநாள் இல்லாமல் போகும் என்ற எண்ணமே வந்திருக்கவில்லை. அதனால் தவறு எப்போதும் நம் பக்கம்தான்.

ஆனால் இதே செய்தி, சர்வர் உயிரோடு இருக்கும்போதும் வரும். இணையப் பாதுகாப்பு நெறிமுறையான டிஎல்எஸ் மாறிக்கொண்டே போகிறது. பல சர்வர்கள் டிஎல்எஸ் 1.0 பேசுவதை நிறுத்திவிட்டன, 1.2 இருந்தால்தான் பதில் சொல்லும். எக்ஸ்பி காலத்து நிரலுக்கு 1.2 தெரியாது. சர்வர் உண்மையானதுதான் என்று காட்டும் சான்றிதழ்களும் காலாவதியாகும். 2021 செப்டம்பர் 30 அன்று ஒரே ஒரு பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ பழைய கருவிகள் திடீரென்று தளங்களைத் திறக்க மறுத்தன. ஆகவே அந்த மென்பொருள் ஏற்றுக்கொள்ளும் கொஞ்சம் புதிய இயங்குதளத்தில் நிறுவி, கணினியின் தேதி சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு ஒருமுறை முயலுங்கள். நடக்கும் என்று உறுதி சொல்லவில்லை. செலவில்லாத முயற்சி, அவ்வளவுதான்.

ஜனவரி 10

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் நேர்காணல் ஒலிப்பதிவுகளைத் திருத்துகிறவன். பல ஆண்டுகள் ஒரே ஒலித்திருத்த மென்பொருளில் வேலை செய்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். தொலைபேசியில் ஆக்டிவேட் செய்கிற காலத்தில் வாங்கியது. திரையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீளமான குறியீடு வரும். அதை நாம் படித்துச் சொல்ல வேண்டும், அந்த முனையில் இருப்பவர் இன்னொரு குறியீட்டைப் படிப்பார். எம் என்று நான் சொன்னால் அவருக்கு என் என்று கேட்கும். பி என்றால் டி. கடைசிக் கட்டத்தில் ஒரு எழுத்து பிசகினாலும் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. அலுப்பான வேலைதான். இப்போது நினைத்தால் அந்த முனையில் ஒரு மனிதர் இருந்தாரே என்று தோன்றுகிறது.

பிறகு அந்த நிறுவனத்தை வேறொன்று வாங்கியது. அடுத்த முறை நான் அழைத்தபோது பதிவுசெய்த குரல், தங்களிடம் இப்போது விற்பனையில் இருக்கும் மென்பொருள்களின் பட்டியலைச் சொல்லி முடித்து வைத்தது. மின்னஞ்சல் அனுப்பினேன். "தங்கள் சீரியல் எண் எங்கள் பதிவேட்டில் இல்லை" என்று வந்தது. விற்றவர்களின் பதிவேடு வாங்கியவர்களின் கைக்கு முழுதாக வந்து சேரவில்லை போலிருக்கிறது. அதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன் என்று எழுதினேன். பதில் வரவில்லை.

நல்லவேளையாக ஆக்டிவேட் செய்த பழைய லேப்டாப் உயிரோடு இருந்தது. திரை மட்டும் கறுத்துப்போய், வெளியே ஒரு மானிட்டரை இணைத்தால் வேலை செய்யும். அதிலும் ஒரு வம்பு. உள்ளே மதர்போர்டில் ஒரு நாணய பேட்டரி இருக்கும், சிஆர்2032. அது தீர்ந்துவிட்டதால் ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். மென்பொருள் அதைப் பார்த்து, இவன் தேதியைத் திருத்தி ஏமாற்றுகிறான் என்று முடிவுகட்டித் திறக்க மறுத்தது. விண்டோஸுக்கு முன்னால் எழும் பயாஸ் அமைப்புக்குள் போய்த் தேதியைச் சரிசெய்து, அதன் பிறகுதான் விண்டோஸையே எழுப்ப வேண்டும். ஒருநாள் மறந்துவிட்டு விண்டோஸுக்குள் போன பிறகு திருத்தினேன், மென்பொருள் சந்தேகத்தை விடவே இல்லை. கடைசியில் அடிமூடியைக் கழற்றி பேட்டரியை மாற்றினேன். ஒரு சுண்டைக்காய் பேட்டரி என் வேலை முழுவதையும் பூட்டி வைத்திருந்தது.

ஒலிக் கோப்புகள் சாதாரண வேவ் வடிவம்தான், எதிலும் திறக்கும். ஆனால் எங்கே வெட்டினேன், எந்த இருமலை நீக்கினேன், எந்த இடத்தில் ஒலியைத் தணித்தேன் என்கிற கணக்கெல்லாம் திட்டக் கோப்புக்குள் இருந்தது. அதை அந்த மென்பொருளைத் தவிர வேறெதுவும் படிக்காது. மென்பொருள் போனதைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை. அதே வேலையைச் செய்ய இன்று இலவசமாகவே நல்லவை கிடைக்கின்றன. போய்விடும் என்று நான் பயந்தது அந்த வெட்டுக் கணக்கு.

ஜனவரி 10, சற்றுப் பின்

"இவ்வளவு எதற்கு, பூட்டை உடைத்த பதிப்பை இறக்கிக்கொள்ள வேண்டியதுதானே" என்று ஒருவர் கேட்கிறார். வேண்டாம். அப்படிப் பரவுகிற கோப்புகள் பலவற்றின் உள்ளே வேறு ஏதோ ஒளிந்திருக்கும். அதை உங்கள் ஆண்டுக்கணக்கான வேலை இருக்கும் கணினியில் ஓட்டப் போகிறீர்களா?

ஜனவரி 13

நிறுவனங்களின் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். எந்த சர்வரையும் காலத்துக்கும் ஓட்ட முடியாது, சரி. நான் அதைக் கேட்கவே இல்லை. மூடும்போது சாவியைக் கொடுத்துவிட்டு மூடு என்கிறேன். கிணற்றைத்தான் விற்றேன், தண்ணீரை விற்கவில்லை என்று வழக்காடிய ஆளின் கதை நமக்கெல்லாம் தெரியும். கதையிலாவது தீர்ப்பு வாங்கியவன் பக்கம் வந்தது.

செய்ய முடியாத காரியமும் அல்ல. 2005இல் வந்த அடோபி சிஎஸ்2 தொகுப்பின் ஆக்டிவேஷன் சர்வரை 2012 இறுதியில் நிறுத்தினார்கள். நிறுத்தியதோடு, ஆக்டிவேஷனே கேட்காத ஒரு பதிப்பையும் அதற்கான சீரியல் எண்ணையும் தளத்தில் வைத்தார்கள். 2013 ஜனவரியில் அது வெளியே பரவி, ஃபோட்டோஷாப் இலவசம் என்று ஊரே போய் இறக்கியது. ஏற்கெனவே உரிமம் வாங்கியவர்களுக்கு மட்டும்தான் என்று அடோபி விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. நிறுவனங்கள் இதிலிருந்து "இனி இப்படிச் செய்யக் கூடாது" என்று பாடம் படித்துவிட்டார்களோ என்பது என் சந்தேகம். ஆனாலும் உரிமம் வைத்திருந்தவர்களுக்கு அன்று சரியானது கிடைத்தது. அதே 2013இல்தான் இனி சந்தா மட்டுமே என்றும் அடோபி அறிவித்தது, அது தனிக் கதை.

இசையில் இது இன்னும் முன்னாலேயே நடந்தது. யாகூ தன் இசைக் கடையின் உரிம சர்வரை 2008 செப்டம்பர் 30 அன்று மூடியது. பூட்டிய பாட்டுகளை அதன் பிறகு புதிய கணினிக்கு மாற்ற முடியாது. பாட்டுகளை சிடியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்பது அவர்கள் சொன்ன யோசனை. எதிர்ப்பு வந்ததும் ஈடு தருவதாகச் சொன்னார்கள். மைக்ரோசாஃப்டும் எம்எஸ்என் மியூசிக்குக்கு அதே ஆண்டு அதே முடிவை அறிவித்து, கூச்சல் எழுந்ததும் 2011 வரை தள்ளிவைத்தது. 2019 ஜூலையில் அதே மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, வாங்கிய புத்தகங்கள் வாசகர் கையிலிருந்து மறைந்தன. முழுப் பணமும் திரும்பக் கொடுத்தார்கள், அது உண்மை. மென்பொருளில் அந்த அளவுக்குக்கூட மரியாதை கிடைப்பது அபூர்வம்.

ஜனவரி 14

நேற்று எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். சர்வர் ஓட்டும் செலவு பெரிய செலவாக இருக்காது. அதைப் புரிந்த ஆள் இல்லாமல் போவதுதான் உண்மையான காரணமாகப் பெரும்பாலும் இருக்கும். எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார், தரவுத்தளம் வேறு இடத்துக்கு மாறியிருக்கும், பூட்டில்லாத பதிப்பை உருவாக்கப் பழைய மூலநிரலும் அதற்கு வேண்டிய பழைய கருவிகளும் எங்கே என்றே தெரியாது. பத்து ஆண்டு கழித்துச் சாவி செய்யச் சொன்னால் அவர்களாலும் முடியாது. அதனால் கெட்ட எண்ணம் என்று ஒரேயடியாகச் சொல்லமாட்டேன். அக்கறையின்மை என்று சொல்லலாம். வாடிக்கையாளருக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஜனவரி 16

மாட்டினால்தான் மென்பொருள் திறக்கும் சிறு கருவி, அந்த டாங்கிள் காலமே நன்றாக இருந்தது என்கிறார் இன்னொருவர். அச்சுப்பொறிப் போர்ட்டில் மாட்டி, இரண்டு பக்கமும் திருகு முடுக்கி, அதன் முதுகில் அச்சுப்பொறிக் கம்பியை மாட்டுவோமே, அதேதான். ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று டாங்கிள் அடுக்கியதில் கணினியைச் சுவரோரம் தள்ளவே முடியாமல் நின்ற அலுவலகங்களைப் பார்த்திருக்கிறேன். கம்பெனி மூடினாலும் கையில் இருக்கும் என்பது சரிதான். ஆனால் அந்த போர்ட்டே இப்போது கணினியில் வருவதில்லை. யுஎஸ்பி மாற்றி வாங்கி மாட்டினால் அச்சுப்பொறி ஓடும், டாங்கிள் பெரும்பாலும் ஓடாது.

இதில் சட்டம் ஒருவிதத்தில் முன்னால் போயிருந்தது. அமெரிக்காவில் பூட்டை உடைப்பதைத் தடுக்கும் சட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை விலக்குகள் அறிவிப்பார்கள். பழுதாகி, மாற்றும் கிடைக்காத டாங்கிளால் பூட்டப்பட்ட மென்பொருளுக்கு 2003இலேயே விலக்குக் கொடுத்தார்கள். சர்வர் நிறுத்தப்பட்ட கணினி விளையாட்டுகளுக்கு 2015இல் வந்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 2012 ஜூலை 3 அன்று ஆரக்கிள் என்ற மென்பொருள் நிறுவனத்தின் வழக்கில், காலவரையற்ற உரிமத்தை விலைக்குக் கொடுத்தால் அது விற்பனைதான், வாங்கியவர் அதை மறுவிற்பனை செய்யலாம் என்றது. தன்னிடமுள்ள நகலைச் செயலிழக்கச் செய்துவிட்டுத்தான் விற்க வேண்டும் என்பது நிபந்தனை. மோசடியா என்று முதலில் கேட்டவருக்கு என் பதில்: தார்மீகமாக ஆம், ஒப்பந்தப்படி பெரும்பாலும் இல்லை. நாம் படிக்காமல் ஒப்புக்கொண்ட பக்கங்களில் எங்காவது "சேவையை நிறுத்தும் உரிமை எங்களுக்கு உண்டு" என்று இருக்கும். உறுதியாக வேண்டுமென்றால் உங்கள் நாட்டுச் சட்டம் தெரிந்தவரிடம்தான் கேட்க வேண்டும்.

ஜனவரி 17

பூட்டை உடைப்பதைப் பற்றி அன்று ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றேன். நச்சுநிரல் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை. ஆனால் அதைத் தவறு என்று சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பணம் கொடுத்தவர், விற்றவர் கைவிட்ட பிறகு, தன் கோப்பைத் தானே திறக்க வழி தேடுகிறார். அவரைத் திருடர் வரிசையில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. இந்தப் பூட்டில் மாட்டுகிறவர் எப்போதும் வாங்கியவர்தான். திருடியவருக்கு இந்தத் தொல்லையே கிடையாது, முதல் நாளிலேயே பூட்டைக் கழற்றிவிட்டிருப்பார்.

ஜனவரி 21

மெய்நிகர் கணினி, அதாவது ஒரு கணினிக்குள் நிரலாகவே ஓடும் இன்னொரு கணினி பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள், சேர்த்தே எழுதுகிறேன்.

மென்பொருள் இன்னும் திறக்கிற கணினி உங்களிடம் இருந்தால் இன்றே அதன் டிஸ்க் முழுவதையும் அப்படியே ஒரே கோப்பாக, அதாவது ஒரு பிம்பமாக எடுத்து வையுங்கள். மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தரும் டிஸ்க்2விஹெச்டி என்ற சிறிய கருவி, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸையே மெய்நிகர் டிஸ்காக மாற்றிக் கொடுக்கும். அதை விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற ஒன்றில் மாட்டினால் உங்கள் பழைய கணினி ஒரு ஜன்னலுக்குள் எழுந்து நிற்கும். இந்த இடத்தில் எல்லாருக்கும் ஒரு மகிழ்ச்சி வரும். அதிக நேரம் நிலைக்காது.

ஏனென்றால் ஆக்டிவேஷன் கட்டிப்போடுவது டிஸ்கில் உள்ள கோப்பை மட்டுமல்ல, கணினியின் அடையாளத்தையும்தான். எக்ஸ்பி ஆக்டிவேஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வகை உறுப்புகளைப் பார்க்கும்: செயலி, நினைவகத்தின் அளவு, திரை அட்டை, நெட்வொர்க் அட்டையின் முகவரி, டிஸ்க் பகுதியின் எண் என்று. ஒன்றிரண்டு மாறினால் பொறுத்துக்கொள்ளும், நிறைய மாறினால் வேறு கணினி என்று முடிவு செய்யும். மெய்நிகர் கணினியில் ஏறக்குறைய எல்லாமே வேறு. விண்டோஸே மறுபடி ஆக்டிவேஷன் கேட்கும், மென்பொருள் அதற்கடுத்து வரிசையில் நிற்கும்.

சிலவற்றைச் சமாளிக்கலாம். நெட்வொர்க் முகவரியைப் பழைய கணினியில் இருந்ததாகவே அமைக்க முடியும். டிஸ்க் பகுதியின் எண் பிம்பத்தோடு தானாகவே வந்துவிடும். ஃபார்மட் செய்து கோப்புகளை மட்டும் நகலெடுத்தால்தான் அது மாறிப்போகும். நெட்வொர்க் முகவரியை மட்டும் பார்க்கும் பழைய உரிம முறைகள் இதிலேயே அடங்கிவிடும். ஆனால் பழைய கணினியோடு கொடுத்த விண்டோஸ் உரிமம் பொதுவாக அந்தக் கணினிக்கு மட்டும்தான் செல்லும், அதையும் கவனியுங்கள்.

ஆக, ஆக்டிவேஷன் சர்வர் உயிரோடு இருக்கும் மென்பொருள் ஏதாவது உங்களிடம் இன்னும் இருந்தால் அதை முதலிலிருந்தே மெய்நிகர் கணினிக்குள் நிறுவி, அங்கேயே ஆக்டிவேட் செய்துவிடுங்கள். அந்த "கணினி" பழுதாகாது, பேட்டரி தீராது. நகலெடுத்து வேறு கணினிக்குக் கொண்டுபோகும்போதும், கூடியவரை அதே வகைச் செயலியில் வைத்தால் பெரும்பாலும் அதே அடையாளத்தோடு எழும். நகலெடுக்கும்போது நெட்வொர்க் முகவரியைப் புதுப்பிக்கவா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஜனவரி 22

அடோபியின் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் கோப்புகளைப் பற்றிக் கேட்டவருக்கு: கடைசிப் பதிப்பு 7, வந்தது 2001இல். அந்தக் கோப்புகளை, அதற்கடுத்து வந்த இன்டிசைன் மென்பொருள் சிஎஸ்6 பதிப்பு வரை திறக்கும், அதற்குப் பின் வந்த சந்தாப் பதிப்புகள் திறக்காது. ஆகவே சிஎஸ்6 ஓடும் கணினி யாரிடமாவது இருந்தால் நட்பு பாராட்டிக்கொள்ளுங்கள். வழியில் இன்னொரு பள்ளம்: அந்தக் காலத்துப் பக்கங்களில் பெரும்பாலும் டைப் 1 என்ற பழைய வகை எழுத்துருக்கள் இருக்கும். அடோபி தன் மென்பொருள்களில் அவற்றுக்கான ஆதரவை 2023 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. திறந்து, எழுத்துரு மாற்றி, வரி ஓட்டம் கெடாமல் இருக்கிறதா என்று பக்கம் பக்கமாகப் பார்த்துத்தான் ஆக வேண்டும். பிடிஎஃப் எடுத்து வைத்தால் போதாதா என்கிறீர்கள். அச்சடிக்கப் போதும், திருத்த உதவாது.

ஜனவரி 29

முதலில் கேட்டவர் நல்ல செய்தியோடு வந்திருக்கிறார். அதே மாடல் மதர்போர்டு பழைய பொருள் விற்பவரிடம் கிடைத்திருக்கிறது. பழைய செயலி, பழைய நினைவகம், பழைய டிஸ்க் எல்லாவற்றையும் அதில் மாட்டியதும் மென்பொருள் கேள்வி கேட்காமல் திறந்துவிட்டதாம். பூட்டு எதைக் கணக்கிட்டது என்று தெரியாது, நமக்குத் தேவையும் இல்லை.

இனி செய்ய வேண்டியது: அந்தக் கணினியை இணையத்தோடு இணைக்காதீர்கள். சில மென்பொருள்கள் அவ்வப்போது சர்வரைத் தேடும், கிடைக்காமல் போனால் இருக்கும் உரிமத்தையும் சந்தேகிக்கும். வரைபடங்களை டிஎக்ஸ்எஃப் வடிவில் வெளியே எடுங்கள். அதன் விவரக்குறிப்பு வெளியிடப்பட்டது, பெரும்பாலான வரைபட மென்பொருள்கள் படிக்கும். கூடவே ஒவ்வொன்றுக்கும் பிடிஎஃப் ஒன்று, பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க. எடுத்ததை அதே கணினியில் திறந்து சரிபார்க்காதீர்கள், வேறு மென்பொருளில் திறந்து பாருங்கள். கோடுகளின் வகை, அளவுக் குறிப்புகள், எழுத்துகள் இந்த மூன்றும்தான் வழக்கமாக இடறும். நான் ஒலிக் கோப்புகளை வெளியே எடுத்தபோதும் இதே கதைதான்: வெட்டுகள் சரியாக வந்தன, ஒலி தணிப்பு எதுவும் வரவில்லை. அதை மட்டும் கையால் மறுபடி செய்தேன்.

ஜனவரி 30

சந்தாவே மேல் என்கிறார் ஒருவர், கட்டணம் நின்றால் நிற்கும் என்று முன்பே தெரியும் என்பதால். ஒப்புக்கொள்கிறேன், அதில் ஒரு நேர்மை இருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியாவில், திரும்பப் பறிக்கக்கூடிய உரிமத்தை "வாங்குங்கள்" என்று விற்பவர்கள் அது வெறும் உரிமம்தான் என்று வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். ஆனால் சந்தா நின்ற மறுநாள் உங்கள் பழைய கோப்பைப் படிக்கவாவது விடுவார்களா என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள். விற்பனைப் பிரிவு இந்தக் கேள்விக்கு மட்டும் "தொழில்நுட்பப் பிரிவிடம் கேட்டுச் சொல்கிறோம்" என்று சொல்லும்.

பிப்ரவரி 2

சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துகிறவர் ஒருவர், நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். இப்படிக் கேட்டவரை இப்போதுதான் பார்க்கிறேன். ஒவ்வொரு பதிப்பையும் வெளியிடும் அன்றே, ஆக்டிவேஷன் கேட்காத நகல் ஒன்றையும் சேர்த்து உருவாக்கி வையுங்கள். அன்று அது சில நிமிட வேலை. அதை மூன்றாம் தரப்பு ஒருவரிடம் ஒப்படைத்து, நாங்கள் சர்வரை மூடினாலோ நிறுவனமே மூடினாலோ உரிமம் பெற்றவர்களுக்கு இதைக் கொடுக்கவும் என்று எழுதி வையுங்கள். பெரிய நிறுவனங்கள் தங்களுக்குள் மூலநிரலை இப்படி ஒப்படைப்பது பழைய வழக்கம்தான், தனி வாடிக்கையாளருக்கு மட்டும் யாரும் செய்வதில்லை. உங்கள் நிறுவனத்தை வேறு யாராவது வாங்கினாலும் அந்த ஒப்பந்தம் அவர்களைக் கட்டுப்படுத்தும்படி எழுதச் சொல்லுங்கள். கூடவே வாடிக்கையாளர் பதிவேட்டையும் ஒழுங்காக மாற்றிக் கொடுங்கள்.

அப்புறம், அந்தப் பிழைச் செய்தியில் "உங்கள் இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்" என்பதற்குக் கீழே இன்னொரு வரி சேருங்கள்: "அல்லது எங்கள் சர்வர் இயங்கவில்லை."